செத்துப் பொழைச்சவங்க பேச்சைப் பதிவு பண்ண: எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாது?

பொருநைக்கரை:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமங்கள்ல "செத்துப் பொழைச்சவர்"னு ஊரே சொல்ற ஆட்கள் உண்டு. அவங்ககிட்ட பேசி, ஒலிப்பதிவு பண்ணி, எழுத்தாக்குற வேலையை ஒரு சின்னக் குழுவா ஆரம்பிக்கப் போறோம். நாட்டார் வழக்காற்றியல் பக்கம் கொஞ்சம் பழக்கம் இருக்கு. மருத்துவப் பக்கம் ஒண்ணும் தெரியாது.

இதை "மரண விளிம்பு அனுபவம்"னு சொல்றாங்க. வெளிநாட்டுக்காரங்க எழுதினதுல சுரங்கப்பாதை, வெளிச்சம், உடம்பை விட்டு மேல மிதக்குறது, வாழ்க்கை படமா ஓடுறதுன்னு ஒரு வரிசை வருது. நம்ம ஊர்ல கேட்டா எமதூதன், கணக்கு ஏடு, "ஆளை மாத்திக் கொண்டாந்துட்டீய"ங்கிற பேச்சு. ரெண்டும் ஒரே விஷயம்தானா? பொதுவா வர்ற அம்சம் எது, ஊருக்கு ஊர் மாறுறது எது? அளக்குறதுக்கு கேள்வித்தாள் ஏதும் இருக்கா? காய்ச்சல் பிதற்றலையும் மருந்து மயக்கத்தையும் இதுலேர்ந்து எப்படிப் பிரிக்கிறது? தெரிஞ்சவங்க விவரமா சொன்னா நல்லது.

மாடத்தெரு வாசகன்:

முதலில் அந்த வரிசையை மறந்துவிடுங்கள். 1975-ல் ரேமண்ட் மூடி என்ற அமெரிக்கர் பலரிடம் கேட்டதைத் தொகுத்து ஒரு மாதிரிக் கதையாகக் கொடுத்தார். அதில் இருந்த எல்லாமே நடந்ததாக ஒரே ஆள் சொன்னதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்த மாதிரியைச் சட்டமாக ஆக்கிவிட்டார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு 2017-ல் 154 பேர் எழுதிக்கொடுத்த அனுபவங்களை எடுத்து எது முன், எது பின் என்று பார்த்தது. எல்லாருக்கும் பொதுவான வரிசை என்று ஒன்று கிடைக்கவில்லை. அடிக்கடி வந்தவை மூன்று: அமைதி 80 சதவீதம், பிரகாசமான வெளிச்சம் 69 சதவீதம், யாரையோ சந்தித்தது 64 சதவீதம். உடம்பை விட்டு விலகுவது முதலிலும், உடம்புக்குத் திரும்புவது கடைசியிலும் வரும் போக்கு இருந்தது. அதுவும் மூன்றில் ஒருவருக்குத்தான்.

கேள்வித்தாள் உண்டு. புரூஸ் கிரேசன் என்ற அமெரிக்க மனநல டாக்டர் 1983-ல் வெளியிட்டது. 16 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், மொத்தம் 32. ஏழும் அதற்கு மேலும் வந்தால் மரண விளிம்பு அனுபவம் என்று எடுத்துக்கொள்வார்கள். நாலு நாலு கேள்வியாக நாலு கட்டு. முதல் கட்டு அறிவு சார்ந்தது: நேரம் ஓடிய வேகம், எண்ணம் ஓடிய வேகம், பழைய வாழ்க்கைக் காட்சிகள், எல்லாம் சட்டென்று விளங்கியது. இரண்டாவது உணர்ச்சி: அமைதி, ஆனந்தம், எல்லாவற்றோடும் ஒன்றிய உணர்வு, வெளிச்சம். மூன்றாவதில் புலன்கள் கூர்மையானது, வேறிடத்தில் நடப்பது தெரிந்தது, வருங்காலக் காட்சி, உடம்பை விட்டுப் பிரிந்தது. நாலாவதில் வேறு உலகம், தெய்வீகமான ஒருவர் அல்லது ஒரு குரல், இறந்தவர்களோ தெய்வங்களோ தெரிந்தது, தாண்டினால் திரும்ப முடியாத எல்லை.

கவனியுங்கள், இந்த 16-ல் சுரங்கப்பாதை இல்லை. ஆகவே சுரங்கம் வரவில்லை என்பதற்காக உங்கள் ஊர்க்காரர் யாரையும் தள்ளிவிட வேண்டாம். எமதூதன் வந்தான் என்று சொல்பவருக்கும் நாலாவது கட்டில் மதிப்பெண் விழும்.

இதற்கு ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. பயந்து நடுங்கியவருக்கு உணர்ச்சிக் கட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் கிடைக்கும். ஏழு மதிப்பெண்ணைத் தொடாமலே போய்விடக்கூடும். கிரேசனும் நான்சி புஷ்ஷும் 1992-ல் பயமூட்டும் அனுபவங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, மற்றவர்களுக்கு இனிமையாக வரும் அதே வெளிச்சமும் பிரிவும் இவருக்குப் பீதியாக வருவது. இரண்டு, ஒன்றுமே இல்லாத வெறுமையில் தனியாகக் கிடப்பது. மூன்று, நரகக் காட்சி. இந்த வகையையும் விட்டுவிடக் கூடாது என்றால் 2020-ல் வந்த புதிய அளவுகோலைப் பாருங்கள்: 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80, எல்லை 27. வெறுமை, சுரங்கம் இரண்டும் அதில் சேர்ந்திருக்கின்றன.

எப்படிப்பட்ட ஆபத்து என்பதும் முக்கியம். ஆற்றில் முங்கியது, கிணற்றில் விழுந்தது, லாரி மோதியது போன்ற திடீர் சம்பவங்களில் வாழ்க்கைக் காட்சி ஓடுவதும் நேரம் நின்றுபோவதும் அதிகம். முன்கூட்டியே தெரிந்த ஆபத்தில், உதாரணமாகப் பெரிய ஆபரேஷனில், அந்த அறிவுக் கட்டு அவ்வளவாக வராது. கிரேசன் 1985-லேயே இதைக் காட்டிவிட்டார். உங்கள் படிவத்தில் "எப்படி நேர்ந்தது" என்ற கட்டம் இல்லாவிட்டால் இந்த வேறுபாடே தெரியாமல் போகும்.

கடைசியாக, "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்பவரையும் பதிவில் சேருங்கள். ஹாலந்தில் பிம் வான் லோமெல் குழு 10 ஆஸ்பத்திரிகளில் இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரைக் கேட்டு 2001-ல் வெளியிட்டது. அனுபவம் சொன்னவர் 62 பேர், 18 சதவீதம். மீதி 282 பேருக்கு ஒன்றுமில்லை. கதை சொல்பவரை மட்டும் தேடிப் போனால், செத்துப் பிழைத்த எல்லாருக்கும் காட்சி வரும் என்று உங்கள் தொகுப்பு பொய் சொல்லும்.

கூனியூர்க்காரி:

எமதூதர் விஷயம் ஒண்ணும் புதுசில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில இருந்த சத்வந்த் பாஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் சேர்ந்து 1986-ல இந்தியாவுல கிடைச்ச 16 பேரோட அனுபவத்தை வெளியிட்டாங்க. நீங்க சொல்ற அதே அமைப்புதான்: ஆள் வந்து கூட்டிட்டுப் போறாங்க, ஏடு வெச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்கார், பேரைப் பாக்குறார், ஆள் தப்புன்னு திட்டுறார், திருப்பி அனுப்புறாங்க. அதே பேர்ல பக்கத்துல இன்னொருத்தர் செத்துப்போனார்னு கதை முடியும். சிலர் அங்க பட்ட அடையாளம்னு உடம்புல தழும்பு காட்டியிருக்காங்க. வெள்ளைக்காரங்க சொல்ற சுரங்கமும், மேல இருந்து தன் உடம்பைப் பாக்குறதும் அந்த 16-ல இல்லை.

திரும்பி வர்றதுக்கு ஒரு காரணம் வேணும், அது எல்லா ஊர்லயும் இருக்கு. அங்க "உனக்கு நேரம் வரலை"ன்னு செத்துப்போன அப்பா சொல்லுவார், இல்லேன்னா பிள்ளைங்களுக்காகத் தானே திரும்பி வர்றதா முடிவெடுப்பாங்க. இங்க அதே இடத்துல எழுத்துப் பிழை வருது. நம்ம பக்கம் சித்ரா பௌர்ணமிக்கு கோயில்லயும் வீட்டுலயும் சித்திரபுத்திர நயினார் கதை படிச்சுக் கேட்டு வளர்ந்த ஆளுக்கு, அந்தப் பக்கம் போனா கணக்குப் பாக்க ஒருத்தர் இருப்பார்ங்கிறது சின்னதுலயே மனசுல ஏறினது. அதனால அவர் பொய் சொல்லுதார்னு அர்த்தமில்லை. யாரோ இருந்தாங்க, ஒரு எல்லை இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டாங்கங்கிறது எலும்பு. ஏடும் பாசக்கயிறும் அதுமேல ஏறின சதை. பாளையங்கோட்டை கிறிஸ்தவக் குடும்பத்துலயோ மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பத்துலயோ கேட்டா சதை வேறயா இருக்கலாம். அதனால எழுதும்போது "யாரோ வெள்ளையா நின்னாவ"ன்னு அவர் சொன்னா அப்படியே எழுதுங்க. "ஏசுவா? முனீஸ்வரனா?"ன்னு நீங்க எடுத்துக் குடுத்தா சோலி முடிஞ்சுது.

இன்னொண்ணு. படுத்த படுக்கையா இருக்குற பெரியவங்க, சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னால "ஆச்சி வந்து கூப்பிடுதா"ன்னு சொல்றது வேற வகை. அது மரணப் படுக்கைக் காட்சி. அவங்க திரும்பி வந்தவங்க இல்லை, முழிப்பாவே இருக்காங்க. கார்லிஸ் ஓசிஸ், எர்லெண்டூர் ஹரால்ட்சன் ரெண்டு பேரும் அமெரிக்காவுலயும் இந்தியாவுலயும் டாக்டர், நர்சுங்களைக் கேட்டு 1977-ல ஒப்பிட்டாங்க. அமெரிக்காவுல செத்துப்போன சொந்தக்காரங்க அதிகமா வந்தாங்க, இந்தியாவுல தெய்வமும் தூதரும் அதிகம். "நான் வரமாட்டேன்"னு மல்லுக்கட்டுனது இந்தியாவுலதான் கூட. ரெண்டையும் ஒரே கோப்புல போடாதீங்க.

கட்டில் எண் 14:

மருத்துவப் பக்கம் நான் சொல்கிறேன். இதில்தான் தொகுப்பவர்கள் அதிகம் சறுக்குவார்கள்.

"மாரடைப்பு வந்து செத்துட்டார், டாக்டர் உயிர் கொடுத்தார்" என்பார்கள். மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைக்கும். பெரும்பாலோர் முழிப்போடுதான் இருப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "கார்டியாக் அரெஸ்ட்", "சிபிஆர்", "ஆர்ஓஎஸ்சி" என்ற சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள். முதல் சொல் இதயம் நின்றதையும், இரண்டாவது நெஞ்சை அழுத்தி மீட்க முயன்றதையும், கடைசிச் சொல் துடிப்பு தானாகத் திரும்பியதையும் குறிக்கும். எத்தனை நிமிடம் என்று சம்மரியில் பெரும்பாலும் இருக்காது. முழு கேஸ் ஷீட் ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் இருக்கும். நோயாளியோ அவர் அனுமதி கொடுத்தவரோ எழுதிக் கேட்டால்தான் நகல் கிடைக்கும். அதில் அட்ரினலின் ஊசி எத்தனை முறை என்று எண்ணுங்கள். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை போடுவது வழக்கம். நாலு முறை என்றால் முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் இடையே மட்டும் சுமார் 9 முதல் 15 நிமிடம்.

இதயம் நின்றால் 10 முதல் 20 வினாடிக்குள் நினைவு போய், மூளை அலைக் கோடும் படுத்துவிடும். நெஞ்சை அழுத்த ஆரம்பித்தால் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கிடைக்கும். நல்லபடி அழுத்தினால் சிலருக்கு நடுவிலேயே அரைகுறையாக நினைவு வருவதும் உண்டு. ஆகவே "டாக்டர் பேசியது கேட்டது" என்றால் உடனே அதிசயம் என்று எழுத வேண்டாம். மேலே சொன்ன தழும்பு விஷயத்திலும் இதே எச்சரிக்கை: விலா எலும்பு முறிவு, ஷாக் கொடுத்த இடத்தில் தோல் கருகல், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவது எல்லாம் சிபிஆருக்குப் பிறகு சாதாரணம். எந்த இடத்தில் தழும்பு என்று படம் போட்டுக் குறியுங்கள்.

கிராமத்துக் கதைகளில் கட்டாயம் கேட்க வேண்டியது பாம்புக்கடி. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம், வலி அதிகம் இருக்காது. முதலில் கண் இமை தொங்கும், அப்புறம் கை கால், கடைசியில் மூச்சுத் தசை. கண்மணி விரிந்து, டார்ச் அடித்தாலும் அசையாமல் நிற்கக்கூடும். பார்ப்பவருக்குப் பிணம். ஆனால் மூச்சுக்கு உதவி கிடைத்துக்கொண்டிருந்தால் உள்ளே நினைவு தெளிவாக இருக்கும், காது கேட்கும். வென்டிலேட்டரில் போட்டுச் சில நாளில் மீண்டவர், "எல்லாரும் அழுதது கேட்டது, என்னைக் கொண்டுபோகப் பேசியது கேட்டது" என்றால் அது நிஜமாகவே காதால் கேட்டது. மரண விளிம்பு அனுபவம் என்ற தலைப்பில் அதைப் போடுவது தவறு. அதற்குத் தனியாக ஒரு பிரிவு வையுங்கள்.

அடுத்தது பூச்சிமருந்து விஷத்துக்கு வைத்தியம் பார்க்கப்பட்டவர்கள். அவர்களுக்கு அட்ரோபின் நாள் கணக்கில் ஏறும். அளவு கூடினால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, காற்றில் எதையோ பிடிப்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். அந்த நாட்களில் வந்த காட்சி மருந்தின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கெட்டமின் மயக்க மருந்தும் அப்படித்தான். லியேஜ் குழு 2019-ல் 625 மரண விளிம்பு அனுபவங்களை, மனநிலையை மாற்றும் 165 வகைப் பொருட்கள் பற்றிய சுமார் 15,000 விவரிப்புகளோடு ஒப்பிட்டபோது, சொல்லளவில் மிக நெருங்கி வந்தது கெட்டமின். என்ன மருந்து ஏறியது என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று கட்டத்தில் எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

ஐசியூ பிதற்றலைப் பிரிக்க எளிய வழி: அது மணிக்கணக்கில் ஏறி இறங்கும், சாயந்தரத்துக்கு மேல் கூடும், சந்தேகம் இருக்கும் (நர்ஸ் டிரிப்பில் விஷம் கலக்கிறாள், கட்டிப்போட்டுக் கடத்துகிறார்கள்). பின்னால் கேட்டால் துண்டு துண்டாகத்தான் வரும். மரண விளிம்பு அனுபவம் சொல்பவர் ஒரே தொடர்ச்சியாகச் சொல்வார், தான் யார் என்பது கலையாது. ஐசியூவில் பத்து எழுத்தைச் சொல்லி, ஒரு குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்லும் சோதனை செய்வார்கள். இரண்டுக்கு மேல் தப்பினால் கவனம் சிதறியிருக்கிறது. கேஸ் ஷீட்டில் அந்தக் குறிப்பு இருந்தால், அது எந்த நாள், எந்த மணி என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் போய்க் கேட்பதாக இருந்தால் அங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் வார்டு பக்கமே போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் அதற்குத்தான் இருக்கிறது.

தச்சநல்லூர் டீக்கடை:

மூளைக்கு ஆக்சிஜன் போகாட்டி கண்ணுக்குள்ள வெளிச்சம் வரும். அம்புட்டுதான் சங்கதி. இதுக்குப் போய் இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாவே?

மாடத்தெரு வாசகன்:

பாதி சரி அண்ணாச்சி. போர் விமானிகளைச் சுழல் எந்திரத்தில் வைத்துச் சுற்றி ஜேம்ஸ் வின்னரி செய்த சோதனைகளில், தலைக்கு ரத்தம் குறைந்ததும் பார்வை ஓரத்திலிருந்து இருண்டு சுரங்கம் மாதிரி ஆகும், சிலருக்கு மிதக்கும் உணர்வும் சின்னக் கனவும் வரும். ஆனால் விழித்ததும் குழம்பிப்போய் இருப்பார்கள். வாழ்க்கைக் காட்சியோ, இறந்தவரைச் சந்தித்ததோ அங்கே வழக்கமில்லை. ஆக்சிஜன் மட்டும் காரணம் என்றால் இதயம் நின்ற 344 பேரில் 62 பேர்தானா சொல்வார்கள்? எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கும் அனுபவத்துக்கும் அந்த ஆய்வில் தொடர்பு கிடைக்கவில்லை. ஸ்லோவேனியாவில் 2010-ல் 52 பேரைப் பார்த்தபோது, அனுபவம் சொன்ன 11 பேருக்கு ரத்தத்தில் கரியமில வாயு அளவு கூடுதலாக இருந்தது. ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே 2002-ல் ஒரு வலிப்பு நோயாளியின் வலது மூளையில் ஒரு மடிப்பை மின்சாரத்தால் தூண்டினார். அந்த அம்மாள் மேலே இருந்து தன் உடம்பைப் பார்ப்பதாகச் சொன்னார். மிச்சிகனில் 2023-ல், வென்டிலேட்டரை எடுத்த நாலு பேரில் இரண்டு பேருக்கு காமா என்ற வேகமான மூளை அலை திடீரென்று எழும்பியது. அவர்கள் பிழைக்கவில்லை, ஆகவே என்ன கண்டார்கள் என்று கேட்க வழியில்லை. அனுபவத்தின் ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனி விளக்கம் இருக்கிறது, மொத்தத்துக்கும் ஒரே விளக்கம் இல்லை.

எதிர்ப் பக்கத்துக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஆன்மா மேலே போய்ப் பார்த்தது என்பவர்களுக்காகவே சாம் பார்னியா குழு வார்டுகளில் மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி அலமாரிப் பலகையில் படம் வைத்தது. 2014-ல் வந்த முடிவு: 2,060 பேருக்கு இதயம் நின்றது, 140 பேரிடம் பேச முடிந்தது, நடந்ததைக் கண்டும் கேட்டும் சொன்னவர் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் இதயம் நின்றது பலகை இல்லாத இடத்தில்.

பொருநைக்கரை:

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ரமணருக்கு மதுரையில வந்ததை இந்தக் கணக்குல சேர்க்கலாமா? அடுத்து, சிலருக்கு நடந்து இருபது வருஷம் ஆச்சு. அவ்வளவு பழசை நம்பலாமா? நேர்ல உக்காந்து எப்படிக் கேக்கணும்னும் சொல்லுங்க.

கூனியூர்க்காரி:

ரமணர் தனி. 1896-ல 16 வயசுல, உடம்புக்கு ஒண்ணும் இல்லாதப்பவே சாவு பயம் வந்து, பிணம் மாதிரி படுத்து விசாரிச்சுப் பாத்தார். உயிருக்கு ஆபத்து இல்லாம வர்ற இந்த மாதிரியையும் ஆராய்ச்சிக்காரங்க "மரண விளிம்பு போன்ற அனுபவம்"னு தனியா எடுக்குறாங்க. 2014-ல கோமாவுலேர்ந்து மீண்ட 140 பேரையும் ஆபத்தே இல்லாத 50 பேரையும் ஒப்பிட்டதுல உள்ளடக்கத்துல பெரிய வித்தியாசம் தெரியலை. அதனால தள்ளிடாதீங்க, வேற நிறத் தாள்ல எழுதுங்க.

கேக்குற முறை. வீட்டுல பத்துப் பேர் சுத்தி நின்னா அவர் வாயைத் திறக்குமுன்ன மச்சான் பதில் சொல்லுவார். முதல்ல அவரைத் தனியா, அப்புறம் வீட்டாளுங்களைத் தனியா. முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணு: "என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்குறதைச் சொல்லுங்க." அவர் முடிக்குற வரைக்கும் "ம்" மட்டும் போடுங்க. ரெண்டாவது சுற்றுல ரெண்டு முளை அடிக்கணும்: கண்ணை மூடுமுன்ன கடைசியா தெரிஞ்சது என்ன, முழிச்சதும் முதல்ல தெரிஞ்சது என்ன. மூணாவது சுற்றுல, அவர் சொன்ன ஒவ்வொண்ணும் பாத்ததா, கேட்டதா, சும்மா தெரிஞ்சதா. பின்னால யாராவது சொல்லித் தெரிஞ்சதான்னும் சேர்த்துக் கேளுங்க. அந்த 16 கேள்வி இருக்குற தாளை எடுக்குறது இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான். முதல்லயே அதை எடுத்தா அதுல இருக்குற வெளிச்சமும் எல்லையும் அவர் கதைக்குள்ள ஏறி உக்காந்துரும்.

கட்டில் எண் 14:

ஒரு எச்சரிக்கை. தற்கொலைக்கு முயன்று மீண்டவர் யாராவது வந்தால் காரணத்தையும் முறையையும் துருவாதீர்கள், எழுத்திலும் கொண்டுவராதீர்கள். "அங்கே சுகமாக இருந்தது, திரும்ப ஏன் கொண்டுவந்தார்கள்" என்று சொன்னால், இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. இருக்கிறது என்றால் பதிவை நிறுத்திவிட்டு, தனியாக விடாமல் வீட்டில் நம்பகமான ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 அல்லது சுகாதார உதவி எண் 104-ஐ அங்கேயே உட்கார்ந்து அழையுங்கள்.

மாடத்தெரு வாசகன்:

இருபது வருடக் கேள்விக்கு: கிரேசன் 72 பேருக்கு முதல் தடவை கொடுத்த அதே தாளை ஏறக்குறைய இருபது வருடம் கழித்து மறுபடி கொடுத்து 2007-ல் வெளியிட்டார். மதிப்பெண் கூடவில்லை, கதை ஊதிப் பெருக்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லாம் ஏற்கனவே ஒருமுறை எழுத்தில் கொடுத்தவர்கள். கல்யாண வீட்டிலும் துட்டி வீட்டிலும் நூறு தடவை சொல்லிக் காட்டிய ஊர்க் கதைக்கு அந்த உறுதி கிடையாது. அப்படிப்பட்டவரிடம் முதல் பதிவு எடுத்த பிறகு, நாலைந்து மாதம் கழித்து வேறு ஆளை அனுப்பி, பழைய எழுத்தைக் காட்டாமல் இன்னொரு முறை சொல்ல வையுங்கள். இரண்டையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்தால் எது மாறாமல் நிற்கிறது, எது சொல்லச் சொல்ல வளர்ந்தது என்று தெரியும். வீட்டாளுக்கும் தனியாக ஒரு தாள் வேண்டும்: சம்பவத் தேதி, 108 எத்தனை மணிக்கு வந்தது, யார் "முடிஞ்சுபோச்சு" என்று சொன்னார், அவர் டாக்டரா பக்கத்து வீட்டுக்காரரா.